ஐந்தாம் தேதி எப்போது தொடங்குகிறது

இந்த ஆண்டு நம் வங்கியின் வட்டாரக் கிளைகளில் எழுத்தர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். கணினியில் எதை அழுத்தினால் என்ன வரும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தத் திரையே இரண்டு முறை மாறிவிட்டதாம். அதை விட்டுவிடுகிறேன்.

என்னிடம் இருப்பவை நாட்குறிப்புகள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதியவை. மழை பெய்ததா, திருமயத்தில் பேருந்து எத்தனை நிமிடம் நின்றது, அன்று எந்தப் புத்தகத்தில் எத்தனையாவது பக்கம் வரை படித்தேன், கவுன்ட்டரில் யார் வந்தார்கள். தனியாக இருப்பவளுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் அதில் போகும். அந்தக் குறிப்புகளில் இருந்து ஒரே ஒரு வாடிக்கையாளரைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்து எழுதுகிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன். சகாயமேரி என்று வைத்துக்கொள்வோம். ஆவூர்ப் பக்கத்துப் பெண். பொன்னமராவதி அருகே ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை.

அப்போது நான் பொன்னமராவதிப் பக்கத்துக் கிளை ஒன்றில் இருந்தேன். வீடு திருக்கோகர்ணத்தில். போக ஒன்றே கால் மணி நேரம், வர ஒன்றரை. இடையில் திருமயத்தில் உட்கார இடம் கிடைத்தால் படிப்பேன்.

சகாயமேரி வீடு கட்ட ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கியிருந்தார். மாதத் தவணை எட்டாயிரத்து நானூறு. அதை ‘டியூ’ என்பார். ஐந்தாம் தேதி நம் வங்கியில் இருக்கும் அவர் கணக்கிலிருந்து அது தானாகப் போக வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். கணவருக்குச் சம்பளம் ஏழாம் தேதி. ஓய்வுநாள் ஞாயிறு மட்டும். ஏழாம் தேதியோ அதற்குப் பிறகோ வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பணம் அனுப்புவார். இருபதாயிரம். திங்கள் அல்லது செவ்வாய் சகாயமேரி வந்து பாஸ்புக்கை அச்சடிக்கக் கொடுப்பார்.

ஆகவே ஐந்தாம் தேதி கணக்கில் ஒன்றும் இருக்காது. தவணை திரும்பிவிடும். திரும்பியதற்கான கட்டணம் வரியோடு ஐந்நூற்றுத் தொண்ணூறு. எடுக்கப் பணம் இல்லாததால் அது நிலுவையில் நிற்கும். கணவரின் பணம் வந்து விழுந்ததும் முதலில் அதுதான் போகும். பிறகு அவர் ஃபைனான்ஸ் ஆபீசுக்கு நேரே போய், அங்கே ஒரு அபராதமும் சேர்த்து டியூவைக் கட்டுவார்.

பிப்ரவரியில் முதல் முறை. மார்ச்சில் நான் கவனிக்கவில்லை. ஏப்ரலில் கவனித்தேன். நாட்குறிப்பில், ‘சிங்கப்பூர்க்காரர் மனைவி, மூன்றாவது தடவை ரிட்டர்ன்’ என்று எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து குறித்து வைக்கத் தெரிந்த எனக்கு, எதிரே நின்றவரிடம் வாயைத் திறக்கத் தோன்றவில்லை. மே, ஜூன் மாதங்களிலும் அப்படியே. அச்சடித்தேன், நீட்டினேன், அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

ஜூலையில் அவரே கேட்டார்.

“மேடம், சிங்கப்பூர்லேர்ந்து வர்ற பணத்துக்கு எம்புட்டு கமிஷன் புடிக்கிறீங்க?”

“கமிஷன் எல்லாம் கிடையாதேம்மா.”

“அப்ப இது என்ன? மாசாமாசம் ஐநூத்தித் தொண்ணூறு?”

சொன்னேன். கணக்கில் பணம் இல்லாமல் டியூ திரும்பிப்போகிறது, அதற்கான சார்ஜ் என்று. அவர் பாஸ்புக்கைத் தன் பக்கம் திருப்பி, அந்த ஆறு வரிகளையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

“இதுக்குத்தான் மேடம் ஆறு மாசமா எங்க வீட்டுல சண்டை. ‘ஒரே தொகையா எடுக்குறியே, ஒந் தங்கச்சிக்குச் சீட்டுக் கட்டுறியா’ங்குறாரு. சத்தியமா நான் எடுக்கலைங்குறேன். போட்டோ புடிச்சு அனுப்புனேன். அந்த இங்கிலீசு அவருக்கும் வெளங்கல, எனக்கும் வெளங்கல. இந்தத் தடவ சொல்லிப்புட்டாரு, அடுத்த மாசமும் இது போச்சுன்னா பணத்த அவங்க அண்ணன் கணக்குக்கே போட்டுருவாராம். அப்புறம் பிள்ளைக்கு ஒரு நோட்டு வாங்கணும்னாலும் எங்க மூத்தார்கிட்டப் போயி நிக்கணும்.”

பின்னால் இருந்தவர் பொறுமை இழந்தார். “சிங்கப்பூர்க்காரம்மா, ஒங்க வீட்டுச் சண்டைய அப்பால வச்சுக்கங்க. நான் ஆட்டக் கட்டிப்போட்டு வந்திருக்கேன்.”

“ஆடு எங்கிட்டும் போகாதுண்ணே, கட்டித்தானே போட்டிருக்கீங்க,” என்றார் சகாயமேரி திரும்பிக்கூடப் பார்க்காமல். வரிசையே சிரித்தது. பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நீங்க குடுத்து வச்சவங்க மேடம். ஒங்க சம்பளம், ஒங்க கணக்கு. யாருக்கும் பதில் சொல்ல வேணாம்.”

நான் தனியாக இருக்கிறேன் என்பது அந்தக் கிளையில் எல்லோருக்கும் தெரியும். அவர் அதைப் பொறாமையோடு சொன்ன முதல் ஆள். வேலையைப் பார்ப்பதுபோல் முத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு, “அடுத்த மாசம் அஞ்சாம் தேதி அக்கவுண்ட்ல பணம் இருக்கணும். அவ்வளவுதான்,” என்றேன்.

இந்த வாக்கியத்தை நன்றாகப் பாருங்கள். இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்தால் இது முழுக்கத் தவறு.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி காலை ஷட்டரைத் தூக்கியபோது வாசலில் முதல் ஆளாக சகாயமேரி நின்றார். முதல் பேருந்தில் வந்துவிட்டாராம். காதில் தோடு இல்லை, துளையில் வேப்பங்குச்சி. முந்தின நாள் சாயங்காலம் அடகு வைத்த பணம் ஒன்பதாயிரம் கையில். பத்து மணி ஐந்து நிமிடத்துக்குச் செலுத்துச் சீட்டு என் முன்னால் இருந்தது. பணத்தை எண்ணி, கணக்கைத் திறந்தேன்.

தவணை அன்று அதிகாலையே வந்து, பணம் இல்லாமல் திரும்பியிருந்தது. நாம் ஷட்டரைத் தூக்கும் முன்பே தானாக நடந்து முடிந்துவிடும் வேலை அது. கட்டணமும் நிலுவையில் ஏறியிருந்தது. நான் வாங்கிப் போட்ட ஒன்பதாயிரத்திலிருந்து, என் கண் முன்னால், ஐந்நூற்றுத் தொண்ணூறு கழிந்தது.

வங்கிக்கு ஐந்தாம் தேதி என்பது விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு அது நாம் ஷட்டரைத் தூக்கும்போதுதான் தொடங்குகிறது. இவ்வளவு காலம் தேதிகளோடே வாழ்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். நாலாம் தேதி சாயங்காலத்துக்குள் பணம் இருக்க வேண்டும், மூன்றாம் தேதியே போட்டுவிடுவது நல்லது என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு இன்னும் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த நிமிடத்தைத் தராமல் முத்திரையை எடுத்தேன்.

“என்ன மேடம், ஆச்சா?”

“போயிருச்சும்மா… காலையிலேயே ரிட்டர்ன் ஆயிருச்சு.”

“இன்னைக்கு அஞ்சாந்தேதிதானே?”

“ஆமா.”

“அஞ்சாந்தேதின்னு நீங்கதானே சொன்னீங்க?”

அதில் கோபம் இல்லை. சரிபார்க்கும் குரல். பிறகு அவர் கைபேசியை எடுத்துச் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டார். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். கணவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சந்தின் வழியே கைபேசியை என் பக்கம் தள்ளினார். “ஒரு வார்த்த நீங்க சொல்லுங்க மேடம். நான் சொன்னா நம்ப மாட்டாரு.”

எடுத்தேன். பின்னணியில் தட்டுகளின் சத்தம்.

“வணக்கம் மேடம். அந்த ஐநூத்தித் தொண்ணூறு பேங்க்ல புடிக்கிறதா, இவ எடுக்குறதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, போதும்.”

மரியாதையான குரல். பேங்க்தான் பிடிக்கிறது என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் அதற்கு அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். இந்த மாதம்தான் பணம் கட்டியிருக்கிறாளே, பிறகு ஏன் போனது? அதற்குப் பதில், நான் சொன்ன தவறான நாள். மேலாளர் அறையின் கதவு திறந்திருந்தது. வரிசையில் பன்னிரண்டு பேர்.

“கணக்கு அவங்க பேர்ல இருக்குங்க. விவரத்தைப் போன்ல மத்தவங்களுக்குச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை,” என்றேன்.

“சரிங்க மேடம். வெளங்கிருச்சு,” என்றார். அழைப்பு நின்றது.

விதி உண்மையானது. வாடிக்கையாளரின் விவரத்தை வேறொருவரிடம் சொல்லக் கூடாது. நீங்களும் சொல்லாதீர்கள். ஆனால் கணக்குக்கு உரியவரே எதிரே நின்று, தன் கையால் கைபேசியைக் கொடுத்து, சொல்லுங்கள் என்று கேட்கிறார். அந்த விதி யாரைக் காப்பதற்காக எழுதப்பட்டதோ அவரை விட்டுவிட்டு, அதற்குள் நான் ஒளிந்துகொண்டேன். அன்றைய நாட்குறிப்பில், ‘போனில் விவரம் கேட்டார்கள், மறுத்தேன்’ என்றுதான் இருக்கிறது. பிறகு வேறு மையில் இரண்டு கேள்விக்குறிகள். எப்போது போட்டேன் என்று நினைவில்லை.

செப்டம்பர் இரண்டாம் தேதி சகாயமேரியோடு ஒருவர் வந்தார். கணவரின் அண்ணன். பாஸ்புக் அவர் சட்டைப்பையில் இருந்தது. சிங்கப்பூர்ப் பணம் இனிமேல் தன் கணக்குக்குத்தான் வரும், டியூவுக்கு உண்டானதை மட்டும் இங்கே கட்டப்போகிறேன் என்றார்.

“என்னைக்குப் போட்டா சரியா இருக்கும் மேடம்?”

இந்த முறை நான் தெளிவாக இருந்தேன். “ஒவ்வொரு மாசமும் மூணாம் தேதிக்குள்ள போட்டுடுங்க. அஞ்சாம் தேதி காலையில நாங்க கதவத் திறக்குறதுக்கு முன்னாடியே போயிரும்.” ஒரு துண்டுத்தாளில் எழுதியும் கொடுத்தேன். அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சகாயமேரி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். காதில் அதே வேப்பங்குச்சி.

செப்டம்பரில் கட்டணம் விழவில்லை. அக்டோபரிலும் இல்லை. என் மேசையில் ஒரு தவறு திருந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அக்டோபர் நடுவில் சகாயமேரி தனியாக வந்தார். சீட்டு எதுவும் கையில் இல்லை. கூட்டம் குறையும் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தார்.

“மேடம், எங்க மூத்தார் கட்டுன ரெண்டு மாசமா அந்த ஐநூத்தித் தொண்ணூறு போகலையாம்ல?”

“ஆமாம்மா, போகலை.”

“அதான் எங்க வீட்டுக்காரருக்குச் சாட்சி. ‘பாத்தியா, ஒங் கையில இருந்த வரைக்கும் போச்சு. எங்க அண்ணன் கைக்கு வந்ததும் நின்னுபோச்சு’ங்குறாரு. எந் தங்கச்சி வீட்டுக்குப் போகக்கூடாதுன்னுட்டாரு. பேசுறதும் இல்ல. பிள்ளைகிட்ட மட்டும் பேசுறாரு.” பிறகு, “எங்க மூத்தாருக்கு எழுதிக் குடுத்தீங்கள்ல ஒரு தாளு. எனக்கும் ஜூலையில ஒண்ணு எழுதிக் குடுத்திருக்கலாம் மேடம்,” என்றார்.

நான் எத்தனையோ புத்தகங்கள் படித்திருக்கிறேன். அரசுகள் ஒரு கடிதம் தாமதமானதால் விழுந்த கதைகள் எல்லாம் தெரியும். என் கையால் எழுதிய ஒரு நல்ல துண்டுத்தாள், கண் முன்னால் நிற்கும் ஒரு பெண்ணைத் திருடியாக்கும் என்று தெரியவில்லை. தவறு செய்தபோது நான் அவருக்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு நட்டம் வைத்தேன். சரியாகச் செய்தபோது அவர் பேச்சின் மதிப்பையே எடுத்துவிட்டேன்.

மேலாளரிடம் போனேன். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். எல்லாவற்றையும் சொன்னேன், கைபேசியை வாங்கி மறுத்ததையும்.

“அவங்க கணக்கு. அவங்க ஸ்டேட்மென்ட் கேட்டா குடுக்கணும். அதுல தமிழ்ல நாலு வரி விளக்கம் எழுதக் கூடாதுன்னு எந்தச் சர்க்குலர்ல இருக்கு?” என்றார்.

“இல்லை சார்.”

“ஆகஸ்ட் சார்ஜைத் திருப்பிப் போட நான் அனுமதி குடுக்குறேன். மத்த ஆறும் என் அதிகாரத்துல இல்ல.” பிறகு சிரித்துக்கொண்டே, “அத்தனை வருஷ டைரி வச்சிருக்கீங்க மேடம், ஒரு நாளாவது அது வேலை செய்யட்டும்,” என்றார்.

அன்று மாலை கிளையிலேயே உட்கார்ந்து எழுதினேன். சகாயமேரி எதிரே இருந்தார். ஏழு வரிகள். ஒவ்வொன்றிலும் மூன்று விவரங்கள்: தவணை திரும்பிய தேதி, சிங்கப்பூர்ப் பணம் வந்த தேதி, வங்கி கட்டணம் எடுத்த தேதி. ஏழாவது வரிக்கு மட்டும் பணம் வந்த இடத்தில், ‘உங்கள் மனைவி தோட்டை அடகு வைத்துக் கொண்டுவந்த பணம்’ என்று எழுதினேன். அடியில்: ‘இந்த ஏழு முறையும் எடுத்தது வங்கி. உங்கள் மனைவி ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. உங்கள் சம்பளத் தேதிக்கு முன்னால் தவணைத் தேதி இருப்பதுதான் காரணம். ஏழாவது முறை நான் தவறான நாளைச் சொன்னேன். அன்று போனில் உங்களுக்குப் பதில் சொல்லாததும் என் தவறு.’ கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக்குக் கீழே தேதி.

அவர் அதைப் படம் எடுத்து அனுப்பினார். பதில் வரும் என்று இருவரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்துவிட்டதற்கான நீல அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. அவருக்கு ஐந்தரைப் பேருந்து. எனக்கு ஆறு மணி.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை சகாயமேரி பாஸ்புக்கோடு வந்தார். அச்சடித்தேன். இருபதாயிரம் வரவு. அவர் கணக்கில். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நான் எதிர்பார்த்த சந்தோஷம் அங்கே இல்லை.

“நம்பிட்டாரா?”

“நம்பிட்டாரு மேடம். ஒங்க தாள நம்பிட்டாரு.” பாஸ்புக்கை மூடிப் பைக்குள் வைத்தார். “அதுல இருந்தது எல்லாம் நான் சொன்னதுதான். எடுக்கல, எடுக்கலன்னு பிப்ரவரிலேர்ந்து சொன்னேன்.”

டியூ தேதியை மாற்ற ஃபைனான்ஸ் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தேன். ஏழிலோ அதற்குப் பிறகோ வரும் முதல் ஞாயிறு எவ்வளவு தள்ளிப் போனாலும் பதின்மூன்றைத் தாண்டாது. பணம் வந்து சேர ஒரு நாள். ஆகவே பதினைந்தாம் தேதி. பிப்ரவரியிலேயே பாஸ்புக்கை ஒரு முறை படித்திருந்தால் அன்றே போட்டிருக்கக்கூடிய கணக்கு இது. குடும்பத்துக்குப் பணம் போதாமல் இல்லை, நாள்தான் பொருந்தவில்லை. நம்மிடம் வரும் பாதி வீடுகளின் நிலைமை இதுதான்.

அடுத்த மாதம் கிளை வாசலில் பாஸ்புக் அச்சடிக்கும் இயந்திரம் வந்தது. அதன் பிறகு சகாயமேரி என் கவுன்ட்டருக்கு வரவில்லை. கண்ணாடி வழியாகச் சில முறை பார்த்தேன். காதில் தோடு இருந்தது. இயந்திரம் புத்தகத்தைத் துப்பியதும், அங்கேயே நின்று வரி வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் போவார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஓய்வூதியம் மாதக் கடைசியில் வருகிறது. செலவுக்கு வைத்துக்கொண்டு, மீதியை இரண்டாம் தேதி வைப்புத்தொகையில் போட்டுவிடுவேன். போன மாதமும் அப்படியே செய்தேன். மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு முறை தானாகப் போகும் தொகை அந்த மாதம் ஐந்தாம் தேதி என்பதை மறந்துவிட்டேன். ஆம், நானேதான்.

புதுக்கோட்டையில் உள்ள நம் கிளைக்குப் போனேன். உங்களில் ஒருவர்தான் கவுன்ட்டரில் இருந்தார். புதிய முகம், சுறுசுறுப்பான கை. பாஸ்புக்கை அச்சடித்து, பார்க்காமலே நீட்டி, அடுத்தவரைக் கூப்பிட்டார். கடைசி வரியில் ஐந்நூற்றுத் தொண்ணூறு இருந்தது. நான் அரை நிமிடம் நகராமல் நின்றேன். பின்னால் இருந்தவர் இருமினார், நகர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் எழுதினேன். ஐந்நூற்றுத் தொண்ணூறு எங்கே போனது, என்ன வாங்கினாய் என்று கேட்க இங்கே யாரும் இல்லை. சகாயமேரி அன்று பொறாமைப்பட்டது இதைப் பார்த்துத்தான்.

அந்தத் தம்பி மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானும் ஐந்து மாதம் அப்படித்தான் நீட்டினேன். அடுத்த மாதம் முதல் வாரத்தில் மறுபடி வருவேன். என் பாஸ்புக்கைத் திருப்பித் தருவதற்கு முன் கடைசி வரியை ஒரு தடவை பாருங்கள். பார்த்துவிட்டு, “மேடம், இது என்னங்க?” என்று கேளுங்கள். எனக்கு அது தெரியும். ஆனாலும் கேளுங்கள்.